அம்மியில் நசுக்கிய மாத்திரை

மாரண்டஅள்ளியில் இருக்கும் என் அத்தைக்கு மாத்திரை விழுங்க வராது. தொண்டையிலேயே நிற்கிறது என்பார். அதனால் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை அம்மியில் வைத்து நசுக்கி, தேனில் குழைத்து நக்கிவிடுவார். மூன்றாம் நாள் காலையில் மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிக்கொண்டிருந்தவர் கண் இருட்டி விழுந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் ‘ரிடார்ட்’ என்று போட்டிருந்தது.

“அத்தை, இதை நசுக்கவே கூடாது.”

“ஏம்ப்பா? வவுத்துக்குள்ள போனா எப்படியும் கரையத்தானே போவுது?”

நியாயமான கேள்வி. பாலக்கோட்டில் ஒரு மெடிக்கலில் 17 ஆண்டுகள் நின்றவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். “மாத்திரை வேண்டாம், டானிக் இருந்தா குடுங்க.” “ஊசி போட்டாத்தான் எனக்குக் கேக்கும்.” “வீசிங்குக்கு இன்ஹேலர் பம்பு அடிக்க ஆரம்பிச்சா விட முடியாதாமே?” எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: மருந்து ஒன்றுதான், அதை எப்படி உள்ளே அனுப்பினால் என்ன என்பது. என் அனுபவத்தில், மருந்தின் பாதி வேலை அதன் வடிவத்தில் இருக்கிறது.

அத்தைக்கு வந்தது நிஃபெடிபின். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடும். அதனால் 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி மாத்திரையைக் கட்டியிருப்பார்கள். அத்தைக்குத் தக்காளித் தோட்டம் உண்டு, சொட்டுநீர் போட்டிருக்கிறார். “உங்க சொட்டுநீர்க் குழாயை வெட்டிவிட்டா என்ன ஆகும்? அன்னன்னைக்குப் போக வேண்டிய தண்ணி ஒரே பாத்தியில நிக்கும். அதுதான் நடந்திருக்கு” என்றேன். அரை நாளுக்கான மருந்து மொத்தமாக இறங்கியதில் அழுத்தம் மளமளவென விழுந்திருக்கிறது. ஒரு காலத்தில் இதே மருந்தைத் திரவமாக அடைத்த கேப்சூலைக் கடிக்கச் சொல்லி, எகிறிய அழுத்தத்தை உடனே இறக்கும் வழக்கம் மருத்துவர்களிடமே இருந்தது. அப்படி வேகமாக இறக்கியதில் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தது தெரிந்து 1990களில் அதைக் கைவிட்டார்கள்.

ரிடார்ட், எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். இப்படி எது பெயருக்குப் பின்னால் இருந்தாலும் அது சொட்டுநீர் மாத்திரை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினில் சாதாரணமும் உண்டு, எஸ்.ஆரும் உண்டு. கடைக்காரரைக் கேட்காமல் நசுக்கவோ மெல்லவோ கூடாது. நடுவில் கோடு போட்ட மாத்திரையைப் பெரும்பாலும் பாதியாக உடைக்கலாம், கோடு அதற்காகத்தான். ஆனால் உடைப்பது வேறு, பொடியாக்குவது வேறு. கோடு போட்ட எஸ்.ஆர். மாத்திரைகூட உண்டு, அதைப் பாதியாக்கலாம், பொடியாக்கக் கூடாது.

மாத்திரை என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பள்ளியில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, அதே சொல்தான். மாத்திரை என்றால் அளவு. இந்த வடிவத்தின் பெரிய நன்மையும் அதுதான்: யார் கொடுத்தாலும், எங்கே கொடுத்தாலும் ஒரே அளவு. இயந்திரத்தால் அழுத்தி மாத்திரை செய்யும் முறைக்கு 1843இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய வில்லியம் பிராக்கடன் ஓர் ஓவியர். நல்ல பென்சில் கிடைக்கவில்லை என்று கிராஃபைட் தூளை அழுத்திப் பார்க்கப் போய், மருந்துத் தூளையும் அழுத்தினார். இன்று 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் அதில் மருந்து 5 மில்லிகிராம்தான். கையில் பிடிக்கும் அளவுக்கு இருப்பது மாவுச்சத்து, பால் சர்க்கரை போன்ற நிரப்புப் பொருள்கள். மாத்திரை பெரிசாக இருந்தால் பவர் ஜாஸ்தி என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நம்பியவர்கள் குறைவு.

வேறொரு வகைப் பூச்சும் உண்டு. ‘கேஸ் மாத்திரை’ என்று எல்லாரும் வாங்கும் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் இரண்டும் அமிலம் பட்டால் கெட்டுப்போகும். வயிற்று அமிலத்தைக் குறைக்க வேண்டிய மருந்தே அமிலத்தில் அழிந்தால் என்ன செய்வது? அதனால் இரைப்பையில் கரையாமல், சிறுகுடலுக்குப் போன பிறகு கரையும் பூச்சைப் போடுகிறார்கள். ஒமிபிரசோல் கேப்சூலைத் திறந்தால் கடுகு மாதிரி உருண்டைகள் கொட்டும். ஒவ்வொரு உருண்டைக்கும் தனித்தனியாக அந்தப் பூச்சு உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் தயாராக இருக்கும்போதுதான் சாப்பாடு உள்ளே வந்து அமிலச் சுரப்பு தொடங்க வேண்டும். சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு போடுபவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

சரி, ஊசிக்கு வருவோம். தர்மபுரிப் பக்கம் மருந்துகளுக்குள் ஒரு சாதி அடுக்கே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ‘பாட்டில் ஏத்தறது’. அதற்குக் கீழே ஊசி. அப்புறம் டானிக், அதற்கும் கீழே மாத்திரை. காய்ச்சல் என்று போய் ஊசி போடாமல் அனுப்பிய டாக்டரை “கைராசி இல்ல” என்று சொல்வார்கள். பட்டம் எதுவும் இல்லாமல் கிராமத்தில் பை தூக்கிக்கொண்டு சுற்றும் ஆள்களுக்குப் பிழைப்பே இந்த நம்பிக்கைதான். மூட்டு வலிக்கு அவர்கள் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது டைக்ளோஃபெனாக். அதே மருந்து மாத்திரையாகக் கடையில் கிடைக்கும். ஊசியாகப் போனால் வயிற்றுப் புண் வராது என்பதும் தவறு. இந்த வகை வலி மருந்து இரைப்பையைக் கெடுப்பது முக்கியமாக ரத்தத்தின் வழியாக. எந்த வழியில் உள்ளே போனாலும் கடைசியில் ரத்தத்துக்குத்தானே வருகிறது.

பாட்டிலின் கணக்கு இன்னும் வேடிக்கை. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூடத் தேறுவது கஷ்டம். 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 கலோரிக்கு மேல் இருக்கிறது. வாயால் குடிக்க முடிகிறவருக்குத் தெம்புக்காகப் பாட்டில் ஏற்றுவதை விட, ஒரு உருண்டை களியும் கீரைக் குழம்பும் மலிவு, வலியும் கிடையாது. வாந்தி நிற்காதவர், நினைவு தப்பியவர், அறுவைச் சிகிச்சையில் இருப்பவர், டெங்குவில் அதிர்ச்சி நிலைக்குப் போனவர், இவர்களுக்குப் பாட்டில் உயிர் காக்கும். அது வேறு.

ஊசி இல்லாமல் ஆகாத மருந்துகள் உண்டு. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதைப் பருப்பையும் முட்டையையும் செரிப்பது போலச் செரித்துவிடும். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதல் நோயாளிக்குப் போட்ட நாளிலிருந்து அது முக்கியமாக ஊசி வழியாகவே போகிறது. இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். ஊசிக் குழாயும் அதற்கேற்ப இரண்டு விதம்: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றி இழுத்தால் இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் புழக்கத்தில் உள்ள குப்பியை ஈர மணல் போட்ட மண்பானைக்குள், நீர் உள்ளே புகாத டப்பாவில் வைத்துக் காப்பாற்றிக்கொள்ளலாம். அரூர்ப் பக்கத்துக் கோடையில் ஓட்டு வீட்டு அலமாரியில் மட்டும் வைத்துவிடக் கூடாது.

பாம்புக்கடி மருந்தும் இப்படித்தான். குதிரையின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்துச் செய்வது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவதில் முக்கியப் பங்கு நம் தமிழ்நாட்டு இருளர்களுடையது. வடநெம்மேலியில் அவர்களது கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு: அந்தக் குப்பிக்குள் இருப்பது தண்ணீர் மருந்து இல்லை, உறையவைத்து ஈரம் உறிஞ்சிய வெள்ளைப் பொடி. திரவமாக இருந்தால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், ஒருநாள் மின்சாரம் போனால் கவலை. பொடி அந்த அளவுக்குக் குளிர் கேட்காது. சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டோரத்திலோ கடிபட்டவரை இறக்கிக்கொண்டு வருவதே பெரும்பாடு. வந்து சேரும் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கெடாமல் இருப்பதற்கு அந்தப் பொடி வடிவம் ஒரு காரணம். போடும் நேரத்தில் 10 மில்லி சுத்த நீர் விட்டு, குலுக்காமல், மெல்லச் சுழற்றிக் கரைப்பார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். முதலில் 8 முதல் 10 குப்பி வரை நரம்பு வழியே ஏறும். கடிவாயைச் சுற்றி அந்த மருந்தைக் குத்துவதால் பயன் இல்லை. நஞ்சு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது மருந்தும் அங்கேதான் போக வேண்டும்.

மாரடைப்பு பயத்தில் சட்டைப்பையில் ஒரு சின்ன மாத்திரையோடு திரியும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாக்குக்கு அடியில் வைப்பது. விழுங்கிய எதுவும் குடலில் உறிஞ்சப்பட்டதும் முதலில் கல்லீரலுக்குப் போகும். சில மருந்துகளைக் கல்லீரல் பெருமளவு அங்கேயே அழித்துவிடும். நாக்கின் அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் கல்லீரலைச் சுற்றாமல் நேராக இதயத்துக்குப் போகின்றன, சில நிமிடங்களில் நெஞ்சு வலி தணிகிறது. இந்த வகையின் மூத்த மருந்து நைட்ரோகிளிசரின். பாறை பிளக்கும் டைனமைட்டுக்கு மூலப்பொருளாக இருந்ததும் அதுதான். 1879இல் வில்லியம் மரெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் நெஞ்சு வலிக்கு அது உதவுவதை எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரிக் கல்குவாரியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்பதைத்தான் அவரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், கதை சுவாரசியத்தில் கடைசியில்தான் சொன்னேன்.

குவாரித் தூசி, புளி தட்டும் கொட்டகைத் தூசி, ஓசூர்ப் பக்கத்துக் குளிர். வீசிங் உள்ளவர்களுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் குறைவில்லை. ஆனால் இன்ஹேலரை எடுத்து வைத்தால் முகம் சுருங்கிவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று பீரோவுக்குள் மறைத்து வைத்த வீடு எனக்குத் தெரியும். கணக்கைப் பாருங்கள்: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது அந்த ஒரு மாத்திரையில் இருப்பது 40 அழுத்தலுக்கான மருந்து. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அப்புறம்தான் நுரையீரலுக்குப் போகிறது. பம்பு நேராக இடத்துக்குப் போகிறது. ‘பவர் அதிகம்’ என்று ஊர் பயப்படும் சாதனத்தில்தான் மருந்து குறைவு. 1950களில் அமெரிக்காவில் ஆஸ்துமா இருந்த ஒரு சிறுமி, தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது என்று கேட்டாள். அவள் அப்பா மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவர். 1956இல் இந்தச் சாதனம் கடைக்கு வந்தது.

ஆனால் வடிவம் புரியாவிட்டால் இதுவும் வீண். பொடி இன்ஹேலருக்குக் கொடுக்கும் கேப்சூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்த ஒருவர், மாதம் ஒன்று கழித்து “கேக்கவே இல்லைங்க” என்று வந்தார். கேப்சூல் போல இருந்தால் விழுங்குவதுதானே வழக்கம்? கொடுத்தவன் நான்தான். சாதனத்தில் போட்டு உறிஞ்ச வேண்டும் என்று செய்து காட்டாதது என் தப்பு. பெண்களுக்கு உள்ளே வைக்கக் கொடுக்கும் மாத்திரையை விழுங்கிய கதைகளும் உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று கடைப் பையன் கூச்சப்பட்டு, வாங்குகிறவரும் கூச்சப்பட்டு, பொட்டலம் மட்டும் கை மாறியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு அதிகப் பயம். பாராசிட்டமால் திரவமாக மூன்று வலுவில் கிடைக்கிறது. ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100. பெரிய குழந்தையின் சிரப் தீர்ந்துபோய், கைக்குழந்தையின் சொட்டு மருந்தை ஸ்பூனில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், நான்கு மடங்கு. சின்ன பாட்டில்தானே, லேசாக இருக்கும் என்று நினைத்துச் செய்வது. வீட்டு ஸ்பூனும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பாட்டிலோடு வரும் மூடியையோ ஊசியில்லாக் குழாயையோ தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

ஆன்டிபயாடிக் சில பொடியாக பாட்டிலில் வரும், டிரை சிரப் என்போம். கரைத்து வைத்தால் நாளாக ஆகச் சிதையும் மருந்து என்பதால்தான் பொடி. காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை விட்டுக் குலுக்க வேண்டும். கரைத்த அமாக்சிசிலினை வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பதில் காசும் மிச்சமாகாது, நோயும் போகாது.

சிரப்பில் மருந்தைத் தவிர, அதைக் கரைக்கும் திரவமும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 1937இல் அமெரிக்காவில் கிருமித் தொற்றுக்கான சல்ஃபா மருந்தை இனிப்புத் திரவமாக்க டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாத்திரையாக இருந்தவரை உயிர் காத்த அதே மருந்து. அடுத்த ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. 88 ஆண்டுகள் கழித்து, 2025இல், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு ஆய்வகச் சோதனையில் அதே நச்சு 48.6 சதவீதம் இருந்தது. சின்னக் குழந்தைகளின் சாதாரணச் சளி இருமலுக்கு இந்த சிரப்புகளால் பெரிய பயன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதற்கு நேர் எதிர். 20.5 கிராம் பொடி, ஒரு லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். குளுக்கோஸ் 13.5 கிராம் இருப்பது ருசிக்காக இல்லை. குடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும், தண்ணீர் பின்னாலேயே வரும். 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்து ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். அதில் தப்பு நடக்கும் இடம் தண்ணீர் அளவுதான். ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு மிகுந்து நிலைமை மோசமாகும்.

இதெல்லாம் இங்கிலீஷ் மருந்தின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வடிவங்களைத்தான் வகுத்து வைத்திருக்கிறார்கள். சாறு, குடிநீர் (கஷாயம்), சூரணம் (பொடி), மணப்பாகு, இளகம், மெழுகு, பற்பம், செந்தூரம் என்று உள்ளுக்கு. பற்று, ஒற்றடம், வேது, நசியம், களிம்பு, பீச்சு என்று வெளிக்கு. ஊதல் என்று ஒன்று, மூக்கிலும் காதிலும் மருந்தை ஊதிச் செலுத்துவது. வர்த்தி என்பது திரிபோல் செய்து துவாரத்தில் வைப்பது. வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை ஆசனவாயில் வைக்கும்போது முகம் சுளிக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆயுளும் வகுத்திருந்தார்கள்: குடிநீருக்கு மூன்று மணி நேரம், சூரணத்துக்கு மூன்று மாதம், செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு. எண்கள் பழைய கணக்கு, இன்று பாட்டிலில் போட்டிருக்கும் தேதிதான் செல்லும். ஆனால் தண்ணீர் இருக்கும் வடிவம் சீக்கிரம் கெடும் என்ற கண்டுபிடிப்பு டிரை சிரப்பிலும் பாம்புக்கடிப் பொடியிலும் இன்றும் அப்படியே நிற்கிறது. காலையில் காய்ச்சிய நிலவேம்புக் குடிநீரைச் சாயங்காலம் வரை வைத்துக் குடிப்பவர்களுக்கு அந்த மூன்று மணி நேரத்தை நினைவூட்டலாம்.

அத்தையின் விஷயத்துக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்ணுக்கு எத்தனையோ வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் அம்மி இருக்கிறதா என்று கேட்க முடியாது. அதனால் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் நானே சொன்னேன்: இவருக்கு விழுங்க வராது, நசுக்கித்தான் சாப்பிடுவார். அவர் சிரித்துவிட்டு அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்கு மாற்றி எழுதினார். நிஃபெடிபினின் சொந்தக்கார மருந்துதான். ஆனால் இதில் மருந்தே மெதுவானது. உடலில் ஏறுவதற்கே பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும், பாதியளவு வெளியேற ஒன்றரை நாள்கூட ஆகும். அதற்குப் பூச்சு வேண்டாம், கட்டு வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

இப்போதும் அம்மியில்தான் நசுக்குகிறார். தேனுக்குப் பதில் வெல்லப் பாகு.